ரக்பி மேட்சுக்கு கேமரா கொண்டு போகிறீர்களா? நம் கடற்கரைக்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கீழக்கரை, தொண்டி, தேவிபட்டினம், மண்டபம் என்று நம் பக்கத்தில் துபாயிலோ ஹாங்காங்கிலோ கொழும்பிலோ சொந்தக்காரர் இருக்கும் வீடுகள் நிறைய. மூன்று ஊரிலும் ரக்பிக்குக் கூட்டம் கூடும். போகிறவர்கள் கேமராவையும் தூக்கிக்கொண்டு போகிறார்கள், போவதற்கு முன் கேள்வியும் கேட்கிறார்கள். ஊரில் விளையாட்டுப் படம் எடுத்துத் திரிகிறவன் என்ற முறையில் பதில்களை இங்கே ஒன்றாகப் போட்டு வைக்கிறேன். எல்லாமே டிக்கெட் வாங்கி கேலரியில் உட்காருகிறவருக்கானவை. பத்திரிகைக்காரருக்கு அல்ல.

ரக்பி பார்த்ததே இல்லை. ஆட்டம் தெரியாமல் படம் எடுக்க முடியுமா?

எடுக்கலாம், ஆனால் முக்கால்வாசி முதுகாகத்தான் இருக்கும். அடிப்படையை மட்டும் தெரிந்துகொள்ளுங்கள். பந்தைக் கையால் முன்பக்கம் எறியக் கூடாது. பக்கவாட்டிலோ பின்னாலோதான் தர வேண்டும். முன்னேற வேண்டுமென்றால் ஓட வேண்டும், இல்லையென்றால் உதைக்க வேண்டும். எதிரணியின் கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் அழுத்தினால் அது ட்ரை, 5 புள்ளி. அதன் பிறகு கம்பங்களுக்கு நடுவே உதைத்தால் இன்னும் 2. பெனால்டி உதைக்கு 3.

15 பேர் ஆட்டம் பாதிக்கு 40 நிமிடம். செவன்ஸ் என்ற 7 பேர் ஆட்டம் பாதிக்கு 7 நிமிடம்தான். ஆனால் மைதானம் இரண்டுக்கும் ஒன்றே, கோட்டுக்குக் கோடு 100 மீட்டர் வரை நீளம், ஏறத்தாழ 70 மீட்டர் அகலம். அவ்வளவு பெரிய புல்வெளியில் மொத்தமே 14 பேர் ஓடுவதால் செவன்ஸில் வெட்டவெளி ஓட்டம் அதிகம், மோதல் குவியல் குறைவு. துபாய் செவன்ஸ் 1970-லும் ஹாங்காங் செவன்ஸ் 1976-லும் தொடங்கியவை. இலங்கையில் பள்ளிக்கூட ரக்பிக்கே கூட்டம் நெரியும். கொழும்பு ராயல் கல்லூரிக்கும் கண்டி டிரினிட்டி கல்லூரிக்கும் நடக்கும் பிராட்பி கேடயப் போட்டி 1945-இல் தொடங்கியது. தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னார் முப்பது கிலோமீட்டர் சொச்சம்தான். 1964 புயலுக்கு முன்னால் என்றால் கப்பல் ஏறி ரயில் பிடித்துப் போயிருக்கலாம், இப்போது மதுரைக்கோ சென்னைக்கோ போய் விமானம் ஏற வேண்டியிருக்கிறது. நம் நாட்டிலும் 2025-இல் ரக்பி பிரீமியர் லீக் மும்பையில் நடந்தது. முதல் பருவத்தில் ஜெயித்தது சென்னை புல்ஸ்.

டிக்கெட் இருக்கிறது. கேமராவை உள்ளே விடுவார்களா?

மைதானத்துக்கு மைதானம் விதி வேறு. ஒரே மைதானத்திலேயே போட்டிக்குப் போட்டி மாறும். டிக்கெட் விற்கும் இடத்தில் ‘தடை செய்யப்பட்ட பொருட்கள்’ என்று ஒரு பட்டியல் இருக்கும், அதைப் படித்துவிட்டுக் கிளம்புங்கள். பொதுவாக மூன்று விஷயங்களில் சிக்கல் வரும்: கழற்றி மாட்டும் லென்ஸ், லென்ஸின் நீளம், பையின் அளவு. டிரைபாட், மோனோபாட், செல்ஃபிக் குச்சி மூன்றையும் வீட்டிலேயே வைத்துவிடுங்கள். பெரிய மைதானங்களில் அவற்றுக்கு இடமில்லை.

விதி தெளிவாக இல்லையென்றால் ஏற்பாட்டாளர்களுக்கு மின்னஞ்சல் அனுப்பிக் கேளுங்கள். வந்த பதிலைக் கைப்பேசியில் வைத்துக்கொண்டு போங்கள். வாசலில் நிற்கும் காவலருக்கு லென்ஸ் கணக்கெல்லாம் தெரியாது. அவர் பார்ப்பது பெரிதா சிறிதா என்பதை மட்டும்தான். வெள்ளைக் குழாய் மாதிரி நீண்ட லென்ஸைக் கேமராவில் மாட்டிக்கொண்டு வரிசையில் நின்றால் கண்டிப்பாக நிறுத்துவார். மறைத்து எடுத்துப் போகச் சொல்லவில்லை. தடை என்றால் தடைதான், உள்ளே பிடிபட்டால் மேட்சும் போய்விடும். கேமராவைக் கொடுத்துவைத்துத் திருப்பி வாங்கிக்கொள்ளப் பொருள் காப்பகம் இருக்கிறதா என்றும் முன்பே விசாரித்துவிடுங்கள்.

எந்த இடத்தில் சீட் போடுவது?

எல்லோரும் லென்ஸைப் பற்றித்தான் கேட்கிறார்கள். முதலில் கேட்க வேண்டியது இந்தக் கேள்வியைத்தான். உள்ளே போனபின் நீங்கள் நகர முடியாது. பத்திரிகைக்காரர் கோட்டோரம் நடந்து இடம் மாறுவார், உங்களுக்கு அந்த நாற்காலிதான் கதி. லென்ஸுக்கு ஒரு லட்சம் செலவழித்துவிட்டு மலிவான மூலை டிக்கெட்டில் உச்சியில் போய் உட்காருகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பொறுக்காது.

நடுக்கோட்டுக்கு நேரே இருக்கும் சீட்தான் விலை கூடியது. ஆட்டம் பார்க்க அது சரி. படம் எடுக்க எனக்கு அது பிடிக்காது. அங்கிருந்து ஆட்டக்காரர்கள் எல்லோரும் பக்கவாட்டில்தான் தெரிவார்கள், முகம் கிடைக்காது. நீள்பக்கக் கேலரியில் ட்ரை கோட்டுக்கும், அதிலிருந்து 22 மீட்டர் உள்ளே போட்டிருக்கும் கோட்டுக்கும் இடையே உட்காருங்கள். பந்தோடு ஓடுகிறவன் உங்களை நோக்கி ஓடி வருவான், அவனைத் துரத்துகிறவர்கள் பின்னால் வரிசையாகத் தெரிவார்கள், மூலைக் கொடிக்குப் பக்கத்தில் பாய்ந்து விழும் ட்ரையும் கிடைக்கும். விலையும் நடுச் சீட்டைவிடக் குறைவாகத்தான் இருக்கும். பாதி நேரத்துக்குப் பிறகு அணிகள் திசை மாறும். அதனால் நீங்கள் விரும்பும் அணி ஏதாவது ஒரு பாதியில் உங்களை நோக்கித் தாக்கியே தீரும். மற்ற பாதியில் அவர்களுடைய தடுப்பாட்டத்தை எடுங்கள். டேக்கிள் செய்கிறவன், அதாவது பந்தோடு ஓடுகிறவனைப் பிடித்து விழத்தட்டுகிறவன் முகத்தில் இருக்கும் வெறி ட்ரை அடிக்கிறவன் முகத்தில் இருக்காது.

கம்பங்களுக்குப் பின்னால் இருக்கும் கேலரி பக்கத்தில் இருப்பதுபோலத் தோன்றும். ஆனால் ட்ரை கோட்டுக்குப் பின்னால் இன்னும் 22 மீட்டர் வரை ஆடுகளம் உண்டு, அதற்குப் பின்னால்தான் விளம்பரப் பலகை, அப்புறம்தான் நீங்கள். நினைத்ததைவிடத் தூரம்.

வரிசை எது? முதல் இரண்டு மூன்று வரிசை வேண்டாம். மாற்று ஆட்டக்காரர்கள், தண்ணீர் கொண்டு ஓடுகிறவர்கள், பலகை எல்லாம் குறுக்கே வரும். ரொம்ப மேலே போனால் பின்னணி முழுக்கப் பச்சைப் புல்லாகச் சுத்தமாக இருக்கும், ஆனால் உச்சந்தலைதான் தெரியும். தரையிலிருந்து எட்டு முதல் பதினைந்து வரிசைக்குள் பாருங்கள். ஓரச் சீட் கிடைத்தால் விடாதீர்கள், ஒரு பக்கமாவது முழங்கை இடிக்காது.

வெயிலையும் பார்க்க வேண்டும். பிற்பகல் ஆட்டத்துக்கு மேற்குப் பக்கக் கேலரி நல்லது, சூரியன் முதுகுக்குப் பின்னால் போய்விடும், உங்களுக்கும் நிழல். துபாய் செவன்ஸ் நடப்பது நவம்பர் கடைசி, டிசம்பர் முதல் வாரத்தில். அப்போது அங்கே மாலை ஐந்தரைக்கெல்லாம் சூரியன் மறைந்துவிடும், அதற்கு முந்தைய ஒரு மணி நேர வெளிச்சத்துக்கு ஈடே கிடையாது.

என்னிடம் 70-300 லென்ஸ்தான் இருக்கிறது. போதுமா?

தாராளமாக. கணக்கைப் பாருங்கள். ஏபிஎஸ்-சி என்ற சற்றுச் சிறிய சென்சார் உள்ள கேமராவில் 300 மி.மீ. வைத்தால் 40 மீட்டர் தூரத்தில் சட்டகத்துக்குள் அடங்குவது சுமார் 3 மீட்டர் அகலம், 2 மீட்டர் உயரம். அதாவது ஓர் ஆள் முழுசாக நிரம்புவார். 80 மீட்டரில் அதே ஆள் பாதிச் சட்டகத்துக்கும் கொஞ்சம் குறைவு. ஆக, உங்களுக்கு எதிர்ப்பக்கக் கோட்டில் நடப்பதை விட்டுவிடுங்கள், உங்கள் பாதி மைதானத்தில் நடப்பதை மட்டும் குறி வையுங்கள். எல்லாவற்றையும் எடுக்க ஆசைப்படுகிறவருக்குத்தான் 600 மி.மீ. தேவைப்படுகிறது.

லென்ஸ் கழற்ற முடியாத சூப்பர்ஜூம் கேமராக்களும் உண்டு. நம் பக்கத்தில் பறவை பார்க்கிறவர்கள் சிலர் வைத்திருப்பார்கள். ‘கழற்றும் லென்ஸ் கூடாது’ என்று மட்டும் விதி இருக்கும் மைதானத்தில் இவை தப்பித்துவிடும். சோனி ஆர்எக்ஸ்10 வரிசையின் கடைசி இரண்டு மாடல்களில் 24 முதல் 600 மி.மீ.க்கு இணையான வீச்சு இருக்கிறது. பகலில் நல்ல படம் தரும். நிக்கானின் பி1000 எட்டாத தூரமெல்லாம் எட்டும், ஆனால் ஓடுகிற ஆளைப் பிடிப்பதில் மந்தம். உட்கார்ந்திருக்கும் கொக்குக்குச் சரி.

கேமராவில் என்ன வைக்க வேண்டும்?

ஷட்டர் வேகத்தை நீங்கள் பிடித்துக்கொள்ளுங்கள், மீதியைக் கேமராவிடம் விடலாம். நொடிக்கு 8 மீட்டர் ஓடுகிற ஆள் 1/250 நொடியில் 3 சென்டிமீட்டருக்கு மேல் நகர்ந்துவிடுவார், படம் இழுபடும். 1/1600-இல் அரை சென்டிமீட்டர்தான். பகலில் 1/1600, லென்ஸ் திறப்பு எவ்வளவு திறக்குமோ அவ்வளவு, ஐஎஸ்ஓ (வெளிச்சத்தை உணரும் அளவு) தானியங்கி. வெள்ளை ஜெர்சி, கரும்பச்சைப் புல் என்று இருந்தால் வெளிச்ச ஈடுசெய்தலை (எக்ஸ்போஷர் காம்பன்சேஷன்) அரைப் படி குறைத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் ஜெர்சி வெளுத்துவிடும்.

போக்கஸ் தொடர் நிலையில் இருக்க வேண்டும். கேனானில் ஏஐ சர்வோ, நிக்கானிலும் சோனியிலும் ஏஎஃப்-சி. முகம் கண்டுபிடிக்கும் வசதி தனி ஆள் ஓடும்போது உதவும். குவியலில் அது யார் முகத்தையாவது பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடும், அப்போது நடுவில் உள்ள போக்கஸ் புள்ளிகளுக்கு மாறுங்கள். பர்ஸ்ட் (தொடர்ந்து பல படம் எடுப்பது) என்றால் மூன்று நான்கு படமாகத் தட்டுங்கள். விரலை அழுத்தியே வைத்திருந்தால் கேமராவின் தற்காலிக நினைவகம் நிரம்பி, சரியாகப் பந்து கோட்டைத் தொடும் நேரத்தில் நின்றுபோகும். ஃபிளாஷைத் தொடாதீர்கள். அந்தத் தூரத்துக்கு எட்டாது, பக்கத்து ஆளுக்குத்தான் எரிச்சல்.

ராத்திரி மேட்சில் ஒரு படம் மஞ்சளாகவும் அடுத்தது பச்சையாகவும் வருகிறதே?

கேமரா கெட்டுப்போகவில்லை, விளக்கின் வேலை. இந்தியா, துபாய், இலங்கை, ஹாங்காங் எல்லா இடத்திலும் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அதனால் பழைய வகை மைதான விளக்குகள் நொடிக்கு 100 முறை கூடிக் குறையும். 1/1000-இல் எடுக்கும்போது அந்த ஏற்ற இறக்கத்தின் ஏதோ ஒரு துண்டு மாட்டுகிறது. பல கேமராக்களில் ‘ஆன்டி-ஃபிளிக்கர்’ என்று இருக்கும், அதைப் போட்டுவிடுங்கள். பர்ஸ்ட் வேகம் லேசாகக் குறையும், பரவாயில்லை. ரா கோப்பாக (ஜேபெக் ஆக்காத மூலக் கோப்பாக) எடுத்தால் நிறத்தை அப்புறம் சரிசெய்யலாம். இரவில் 1/800 வரை இறங்கலாம், ஐஎஸ்ஓ 6400 போகத் தயங்காதீர்கள். புள்ளி புள்ளியாக இருக்கும் கூர்மையான படம், வழவழவென்று கலங்கிய படத்தைவிட மேல்.

எந்த நேரத்தில் அமுக்குவது?

பந்து எங்கே இருக்கிறது என்பதைவிட அடுத்து எங்கே போகும் என்று பாருங்கள். ரக்பியில் இதற்கு நிறைய முன்னறிவிப்பு உண்டு.

பந்து வெளியே போனால் லைன்அவுட். இரண்டு வரிசையாக நிற்பார்கள், எறிகிறவன் தலைக்கு மேல் பந்தைத் தூக்குவான், நடுவில் ஒருவனை இரண்டு பேர் இடுப்புக்குக் கீழே பிடித்து ஆளுயரத்துக்கு மேலே ஏற்றுவார்கள். எறிகிறவன் கை பின்னால் போனதும் சட்டகத்தின் மேல்பாதியைக் காலியாக விட்டுக் காத்திருங்கள். புதிதாகப் பார்க்கிறவருக்கு இதுபோல எளிதான நல்ல படம் வேறில்லை. செவன்ஸில் ட்ரை அடித்த அணியே திரும்ப உதைத்துத் தொடங்கும். அப்போதும் எதிரணி ஒருவனை இப்படியே தூக்கிப் பிடிக்கும்.

ஸ்க்ரம் என்பது இரண்டு அணியின் முன்வரிசையும் தோளோடு தோள் மாட்டிக்கொண்டு முட்டித் தள்ளுவது. 15 பேர் ஆட்டத்தில் பக்கத்துக்கு எட்டுப் பேர், செவன்ஸில் மூன்று பேர். தள்ளும்போது எடுத்தால் வெறும் முதுகு. பூட்டிக்கொள்வதற்கு முன் குனிந்து ஒருவரை ஒருவர் முறைக்கும் அந்த ஒரு நொடியை எடுங்கள். டேக்கிள் விழுந்து ஆட்கள் குவிந்தால் குவியலை விட்டுவிடுங்கள், அதன் பின்னால் குனிந்து பந்தை எடுக்கப் போகும் குட்டையான ஆளிடம் கேமராவைத் திருப்புங்கள். பந்து அவன் கையிலிருந்துதான் பறக்கும், பறக்கும்போது உடம்பு முழுக்க நீண்டுவிடும்.

ட்ரை விழுந்ததும் கேமராவை இறக்காதீர்கள். அடித்தவன் எழுந்து நண்பர்களைப் பார்ப்பது, தோற்ற அணி கம்பத்தடியில் இடுப்பில் கைவைத்து நிற்பது, இதெல்லாம் அடுத்த அரை நிமிடத்தில்தான் நடக்கும். பக்கத்து ரசிகர்கள் துள்ளி எழுந்து மறைப்பார்கள். அப்போது அவர்களையே எடுங்கள்.

ஒரு விஷயம். கம்பத்துக்கு உதைக்கப் போகிறவன் குறி பார்க்கும்போது சில ஊர்களில் மைதானமே வாயை மூடிக்கொள்ளும். அந்த நேரத்தில் தடதடவென்று ஷட்டர் அடித்தால் திரும்பிப் பார்ப்பார்கள்.

போவதற்கு முன் ஊரிலேயே எங்கே பழகுவது?

ரக்பி இல்லாவிட்டால் என்ன, நமக்குப் பழகக் கிடைப்பதெல்லாம் அதைவிடக் கடினமானவை. முதலில் மின்னொளிக் கபடி. இரவு, மோசமான விளக்கு, குறுகிய களம், ஒருவனை ஏழு பேர் பிடித்து அமுக்குவது என்று ரக்பி டேக்கிளுக்கு வேண்டிய பாடம் முழுக்க அங்கே இருக்கிறது. பாடி வருகிறவனை விட்டுவிட்டு மூலையில் நிற்பவன் கால்களைப் பாருங்கள், எப்போது பாய்வான் என்று உங்களுக்கே பிடிபட்டுவிடும். கபடியில் இது கைவந்தால் ரக்பியில் பாதி வேலை முடிந்தது.

மாட்டு வண்டிப் பந்தயத்தில் எதிரே வருவதைத் தொடர் போக்கஸில் பிடிக்கப் பழகலாம். சாலை வளைவின் வெளிப்பக்கத்தில் மட்டும் நிற்காதீர்கள், வண்டி அங்கேதான் சரியும். வடமாடு மஞ்சுவிரட்டில் ஒரே வட்டத்துக்குள் மாடும் ஆட்களும் சுற்றுவதால் குவியலுக்குள் ஓர் ஆளைத் தொடர்ந்து பிடிக்கும் பயிற்சி கிடைக்கும். தொண்டிப் பக்கம் நடக்கும் பாய்மரப் படகுப் போட்டியில் கிடைப்பது வேறு பாடம்: தூரம், கண்ணைக் கூசும் வெளிச்சம், கானல் அலை. வெயில் ஏறியபின் தண்ணீர்மேலும் மணல்மேலும் காற்று நெளியும், எவ்வளவு நல்ல லென்ஸாக இருந்தாலும் தூரத்து ஆள் கலங்கித்தான் தெரிவார். வளைகுடா நாட்டு நண்பகல் ஆட்டத்திலும் இதே கதைதான்.

கூட்டம் பிடிக்காதவருக்கு ஆலாக்கள் இருக்கின்றன. தனுஷ்கோடி சாலையில் காலையில் நின்றால் மீனுக்குத் தலைகீழாகப் பாயும். அதைக் கூர்மையாக எடுத்தவருக்கு எந்த ரக்பி ஆட்டக்காரனும் வேகமில்லை. பூநாரைகள் பயிற்சிக்கு ஆகாது, அவை நின்றுகொண்டேயிருக்கும்.

செல்போன் மட்டும்தான் இருக்கிறது.

ஆட்டத்தை எடுக்காதீர்கள். மைதானம், கூட்டம், உங்களோடு வந்த காக்கா (அண்ணன்), மச்சான், பிள்ளைகள், அணிகள் வரிசையாக நிற்கும் தொடக்கம், கோப்பை வாங்கும் முடிவு, இவற்றை எடுங்கள். விரலால் இழுத்துப் பெரிதாக்கிய படத்தை யாரும் இரண்டாவது முறை பார்ப்பதில்லை.

நம் ஊர் உப்புக்காற்றில் கேமராவை எப்படிப் பாதுகாப்பது?

மேட்சில் கெடுவதைவிட வீட்டு அலமாரியில்தான் அதிகம் கெடுகிறது. பாம்பனிலும் மண்டபத்திலும் இரண்டு பக்கமும் கடல், கச்சான் அடித்தாலும் வாடை அடித்தாலும் உப்பு வரத்தான் செய்யும். ஈரம் தங்கினால் லென்ஸுக்குள் சிலந்தி வலை மாதிரிப் பூஞ்சை படரும். தோல் பையில் வைக்காதீர்கள், அது ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பா, உள்ளே சிலிக்கா ஜெல், ஒரு சின்ன ஈரப்பத மானி. அளவு 40 முதல் 50 விழுக்காட்டுக்குள் இருந்தால் போதும். சிலிக்கா ஜெல் நிறம் மாறினால் மிதமான சூட்டில் உலர்த்திப் பழையபடி போடலாம். அரிசிக்குள் புதைக்கும் பழக்கம் வேண்டாம், தவிட்டுத் தூசி உள்ளே போய்விடும்.

கடற்கரையிலிருந்து வந்ததும் மணலைத் துடைக்காதீர்கள், முதலில் ஊதித் தள்ளுங்கள். பிறகு நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் வெளிப்பக்கத்தைத் துடைத்து, உலர்ந்த துணியால் இன்னொரு முறை. துபாயில் ஏசி அறையிலிருந்து நேரே வெளியே வந்தால் லென்ஸ் கண்ணாடியில் வியர்த்துக் கொட்டும். பையை மூடியபடியே அரை மணி நேரம் வெளிச் சூட்டில் இருக்கவிட்டு அப்புறம் திறங்கள்.

விமானத்தில் கொண்டு போவதில் சிக்கல் உண்டா?

உபரி பேட்டரியும் பவர் பேங்கும் கைப்பையில்தான் இருக்க வேண்டும், லக்கேஜில் போடக் கூடாது. முனைகளில் டேப் ஒட்டிவிடுங்கள். விலை கூடிய கேமரா என்றால் புறப்படும் விமான நிலையத்தின் சுங்கப் பிரிவில் காட்டி ஏற்றுமதிச் சான்றிதழ் வாங்கிக்கொள்ளுங்கள். திரும்பி வரும்போது ‘அங்கே வாங்கியதா?’ என்ற கேள்விக்கு அதுதான் பதில். கூட்டம் இருக்கும், கொஞ்சம் முன்னதாகவே போய்விடுங்கள். பில் நகலும் வரிசை எண்ணின் படமும் கைப்பேசியில் இருக்கட்டும்.

கூட்டத்தில் இருப்பவர்களை எடுக்கலாமா?

மொத்தக் கேலரியாக எடுப்பது வேறு, ஒரு முகத்தை இழுத்து எடுப்பது வேறு. அமீரகத்தின் 2021 இணையக் குற்றச் சட்டப்படி, ஒருவருடைய தனிமையைக் குலைக்கும்படி சம்மதமில்லாமல் படம் எடுப்பதும் வெளியிடுவதும் தண்டனைக்குரியது. வேலைக்குப் போன இடத்தில் வம்பு வேண்டாம். சைகையிலாவது கேளுங்கள், தலையாட்டினால் எடுங்கள். பெண்களையும் குழந்தைகளையும் பொறுத்தவரை நம் ஊர் கல்யாண வீட்டில் எப்படி நடந்துகொள்வீர்களோ அப்படியே இருங்கள். இலங்கைப் பள்ளி ஆட்டங்களில் ஆடுவதே சிறுவர்கள். அடிபட்டு அழுகிற பையனின் படத்தை இணையத்தில் போடாதீர்கள்.

ட்ரோன்?

வேண்டாம். அங்கேயும் வேண்டாம், இங்கேயும் வேண்டாம். உச்சிப்புளியில் கடற்படை விமான தளம் இருக்கிறது, கொஞ்ச தூரத்தில் சர்வதேசக் கடல் எல்லை. பயிற்சி என்று சொல்லிப் பறக்கவிட்டால் பதில் சொல்ல வேண்டிய இடம் வேறாக இருக்கும்.

எடுத்த படத்தை விற்கலாமா? வீடியோ போடலாமா?

படம் உங்களுடையது. ஆனால் டிக்கெட் என்பது ஓர் ஒப்பந்தம். சொந்த உபயோகத்துக்கு மட்டும் என்று பெரும்பாலும் அதில் எழுதியிருப்பார்கள். நண்பர்களுக்குக் காட்டுவதை யாரும் கேட்கப் போவதில்லை. விற்பது, விளம்பரத்துக்குக் கொடுப்பது என்று போனால் பிரச்சினை. ஆட்ட வீடியோவையும் நேரலையையும் தொடவே வேண்டாம், ஒளிபரப்பு உரிமைக்குப் பணம் கட்டியவர்கள் நீக்கச் சொல்வார்கள்.

கேலரியை விட்டுக் கோட்டோரம் உட்கார்ந்து எடுக்க வழி உண்டா?

பெரிய போட்டிகளில் பத்திரிகையோ செய்தி நிறுவனமோ கடிதம் கொடுத்தால்தான் அனுமதி அட்டை. கிளப் ஆட்டங்களில் அப்படியில்லை. வளைகுடாவிலும் கொழும்பிலும் வார இறுதிகளில் கிளப் ஆட்டங்கள் நடக்கின்றன, கயிற்றுக்கு வெளியே நின்று பார்க்கலாம். முன்கூட்டியே கிளப்புக்கு எழுதி, ‘படங்களை உங்களுக்கும் தருகிறேன்’ என்று சொன்னால் பெரும்பாலும் சரி என்பார்கள். சொன்னபடி அன்றிரவே நல்லதாகப் பதினைந்து இருபது பொறுக்கி அனுப்பிவிடுங்கள். அடுத்த வாரம் அவர்களே கூப்பிடுவார்கள். கோட்டோரம் நிற்கும்போது கண்ணைக் கேமராவிலேயே வைத்திருக்காதீர்கள், நூறு கிலோ ஆள் ஒருவர் உங்கள் பக்கம் சறுக்கி வரக்கூடும். பையை முன்னால் வைக்காமல் பின்னால் வையுங்கள், யாராவது தடுக்கி விழுந்தால் அன்றோடு அனுமதி முடிந்தது.